ஒழுகும் வீட்டுக் கட்டுரை

அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. பட்ட கஷ்டத்தையும் கட்டுரையாக எழுதிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் முதலாளியம்மாவின் மகள் நிகிதா, சமையல்காரி பாக்கியத்தின் வீட்டில் ஒரு மாதம் வந்து தங்கினாள். ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்தாள், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றாள். அவளுக்கு இடம் கிடைத்தது.

மறுவருடம் பாக்கியத்தின் மகள் எழிலரசி அதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். கட்டுரையைப் படித்த இயந்திரம் அன்றே பதில் அனுப்பியது.

"இந்த வாழ்க்கை ஏற்கெனவே வேற ஒருத்தர் பேர்ல பதிவாயிருக்காம். சொந்தமா எழுதணுமாம்," என்றாள் எழிலரசி.

"இது நம்ம வீடுதானேடி?"

"பொறந்ததுலேர்ந்து நான் இங்கதாம்மா இருக்கேன்."

பாக்கியம் முதலாளியம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அடப் பாவமே. எழிலை ஒரு மாசம் எங்க வீட்டுல வந்து இருக்கச் சொல்லு. எழுத ஏதாவது கிடைக்கும்."

பெரிய மனசு என்றுதான் பாக்கியத்துக்குத் தோன்றியது. "அனுப்புறேம்மா," என்று சொல்லிவிட்டாள். பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அந்த வீட்டில் கஷ்டப்படுகிற ஆள் சமையல்காரியான தான் ஒருத்திதானே, அங்கே போய் மகள் எதை எழுதுவாள் என்று அவளுக்கு விளங்கவேயில்லை.