கண்ணாடிக்குத் தேங்காய் எண்ணெய்

"இவன் இனிமே நம்ம ஸ்டாண்டுல பெட்டி வைக்கக் கூடாது, செக்ரட்டரி. ஒண்ணு இவன், இல்லேன்னா நான்" என்றாள் சபீனா.

தம்பானூர் டாக்ஸி ஸ்டாண்டின் செயலாளர் வன்னியராஜ் அவளுடைய காரைச் சுற்றி வந்து பார்த்தார். முன்கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கீறல்.

"கல்லு தெறிச்ச சின்னப் பொட்டுதான். ஒட்டியாச்சு, இனி விரியாதுன்னு சத்தியம் பண்ணினான். பொன்முடி மலைக்குச் சவாரி, கல்லாறு தாண்டலை, படபடன்னு கீறிப் போச்சு. பின்சீட்டுல கைக்குழந்தையோட ஒரு குடும்பம். நான் என்ன செய்வேன், ஞான் எந்து செய்யும்?" என்று மலையாளத்துக்குத் தாவினாள் சபீனா.

பால்பாண்டி தலை குனிந்து நின்றான். தென்காசிப் பக்கத்துக்காரன். ஸ்டாண்டின் மதிலோரம் கருவிப் பெட்டியோடு உட்கார்ந்து, கல் பட்ட கார்க் கண்ணாடிகளை ஒட்டித் தருகிறவன். எட்டு மாதத்தில் இது மூன்றாவது புகார். இந்த இடமும் போனால் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வன்னியராஜும் ஒரு காலத்தில் பிழைக்க வந்து இங்கே இறங்கியவர். பாவம் பார்த்துப் பார்த்தே மூன்றாவது கண்ணாடி வரை விட்டுவிட்டோமோ என்று இருந்தது அவருக்கு.

எதற்கும் இருக்கட்டும் என்று திரவியம் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார். சாலைக் கடைத்தெரு முனையில் இருபது வருடமாக இதே தொழில் செய்கிறவர். பால்பாண்டி வந்த பிறகு ஸ்டாண்டு வண்டிகள் அவரிடம் போவது குறைந்திருந்தது. ஆனாலும் கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

பால்பாண்டியின் பெட்டியைத் திறந்து, கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் கப்பை எடுத்தார். விரலால் தடவி மோந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய்."

"கண்ணாடி ஒட்டச் சொன்னா பப்படம் பொரிச்சிருக்கான்!" என்றாள் சபீனா.

"கப்பு நழுவாம உட்கார எதாவது தடவணும்லாக்கா" என்றான் பால்பாண்டி. "தண்ணி வெயிலுக்குக் காஞ்சு போவுது, பாதி வேலையில கப்பு விழுந்துருது. எச்சிலைத் தொட்டா வண்டிக்காரங்க முகம் சுளிக்காங்க. அதான் எண்ணெய்..."

"எண்ணெய் கீறலுக்குள்ள இறங்கிரும்பா" என்றார் திரவியம் பொறுமையாக. "அப்புறம் என்ன பசையை உள்ளே விட்டாலும் பிடிக்காது. மேலே பளபளன்னு இருக்கும். ஒரு குலுக்கல் போதும், விட்டுரும். நான் தடவுறது, ஸ்கேன் எடுக்கையில வயித்துல தடவுவாங்களே, அந்த ஜெல்லி. எண்ணெயே கிடையாது. ஈரத்துணியால துடைச்சாப் போயிரும். இருபது வருசமா அதுதான்."

பால்பாண்டி நிமிர்ந்தான். அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டியா? தெரியாத தொழிலை எதுக்குச் செய்யறே?" என்றார் வன்னியராஜ். "நாளையிலேர்ந்து இங்கே பெட்டி வேண்டாம்."

"விரட்டாதீங்க செக்ரட்டரி" என்று குறுக்கே வந்தார் திரவியம். "பிள்ளைகுட்டிக்காரன். விவரமில்லாமப் பண்ணிட்டான்."

சபீனாவே அடங்கிப்போனாள். "அண்ணாச்சியோட மனசு யாருக்கு வரும்!"

வன்னியராஜுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிழைப்பைப் பங்கு போட வந்தவனுக்காக ஒருத்தர் பரிந்து பேசுகிறார். தான் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டோமே!

"சரி, உங்க முகத்துக்காக விடுறேன். ஆனா அண்ணாச்சி, ஒரு வாரம் இவனைப் பக்கத்துல வெச்சுத் தொழிலைச் சரியாச் சொல்லிக் கொடுத்துருங்க."

திரவியம் சிரித்துக்கொண்டே கை கூப்பினார். "அது மட்டும் வேண்டாம். நான் இதுவரைக்கும் யாருக்கும் தொழில் சொல்லிக் கொடுத்ததில்லை."

பால்பாண்டி மெதுவாக வாய் திறந்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"எனக்குச் சொன்னீங்களே அண்ணாச்சி. ஊர்லேர்ந்து வந்த அன்னைக்கே உங்க கடைக்கு வந்து, கப்புக்கு எதைத் தடவணும்னு கேட்டேன். தேங்காய் எண்ணெய்னு நீங்கதானே சொன்னீங்க?"