ஸ்தோத்திரம் அண்ணன்

"என்ன பேசினீங்கன்னு கேட்டா அக்கா சொல்லவே மாட்டேங்கறாங்க பிரதர். ஃபோனைக் காதுல வச்சுக் கேட்டாங்க. எழுந்து போய்க் குளிச்சாங்க. கிளம்புடின்னுட்டாங்க."

தையல் டீச்சரின் தங்கை, மதிய இடைவேளையில் வேலையிலிருந்து வந்த அவரை டயாலிசிஸ் அறையின் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாக அழுதழுது வீங்கியிருந்த முகம் இன்று தெளிந்திருந்தது.

"ஸ்தோத்திரம்மா" என்றார் அவர் வழக்கம்போல. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சபையில் அவருக்குப் பெயரே ஸ்தோத்திரம் அண்ணன்தான். மழை பெய்தாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஒரு ஸ்தோத்திரம், பெய்யாவிட்டாலும் ஸ்தோத்திரம். நோயில் படுத்திருப்பவர்களுக்கு விடிந்ததும் கைபேசியில் இரண்டு நிமிடம் பேசி அனுப்புவது ஆறு வருடமாக அவர் செய்துவரும் ஊழியம். குரல் அப்படியே தேன். ஆனால் சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்டதும், இருபது வருடம் ஓட்டிய லாரியின் சாவியை வாங்கிக்கொண்டு, கம்பெனி அவரைக் கேட் காவலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்ததே, அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஒரு ஸ்தோத்திரம்கூட நெஞ்சிலிருந்து வந்ததில்லை. இது ஊருக்குத் தெரியாது. வீட்டில்கூடத் தெரியாது.

டீச்சர் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வராமல் அடம்பிடித்துவிட்டார். இன்னும் ஒரு தடவை தவறினால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நேற்று மாலை தங்கை இவரிடம் கெஞ்சினாள். காலையில் டீச்சருக்கென்று தனியாகப் பேசி அனுப்பினார். இதோ, வந்து படுத்திருக்கிறார்.

"வாங்க பிரதர், உட்காருங்க" என்றார் டீச்சர். பக்கத்தில் இயந்திரம் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"நாப்பது வருஷம் ஊரான் துணியில ஊசி ஏத்தினேன். இப்ப என் மேல ஏத்தறாங்க. கணக்கு சரியாப் போச்சு."

தங்கை சிரித்துக்கொண்டே மாத்திரை வாங்க வெளியே போனாள்.

"இப்படி ரெண்டு தடவை வராம இருந்துட்டீங்களே" என்றார் அவர்.

"வெறுத்துப்போச்சு பிரதர். வாரத்துக்கு மூணு நாள் இந்த மெஷினோட குடித்தனம். போதும்னு கடவுள்கிட்டயே சொல்லிட்டேன். போதகர் வந்து பேசினார், தலையாட்டினேன். பக்கத்து வீட்டம்மா வந்து நன்றியோட இருங்கன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க." டீச்சர் மூச்சு வாங்கினார். "உங்க மெசேஜ்தான் என்னை எழுப்பிவிட்டது. மூணு தடவை கேட்டேன்."

அவருக்கு உடம்பே கூசியது. காலையில் அவர் பேசியது புதிதாக ஒன்றுமில்லை. சாவி கையில் இருந்த காலத்தில் நோட்டில் எழுதிவைத்ததைக் கொஞ்சம் ராகம் போட்டு ஒப்பித்தார். மூச்சு இருக்கிறது, நன்றி சொல்லுங்கள். பார்வை இருக்கிறது, நன்றி சொல்லுங்கள். அந்தப் பாழாய்ப்போன நோட்டை நம்பி ஒரு மனுஷி கையை நீட்டிப் படுத்திருக்கிறாள்.

"உங்க வேலை எப்படிப் போகுது பிரதர்?" டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார்.

"அதுக்கென்ன, நிழல்ல உட்கார்ந்த வேலை. ஸ்தோத்திரம்."

"அப்படியா?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நாளை மறுநாள் டீச்சர் வராமல் போகலாம். ஆனால் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எத்தனை நாள்தான் இங்கே வந்து படுப்பார்?

"டீச்சர், நான் உங்களை ஏமாத்திட்டேன்."

டீச்சர் தலையை அவர் பக்கம் திருப்பினார்.

"காலையில சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. வண்டி போனதிலேர்ந்து மனசார ஒரு ஸ்தோத்திரம் சொன்னதில்ல. என்கூட ஓட்டினவங்க கேட்டுக்கு வெளியே நின்னு ஹாரன் அடிக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே திறந்துவிடறேன். உள்ளுக்குள்ள கடவுளைத் திட்டறேன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? என்னை நம்பி வந்துட்டீங்க. வெட்கமா இருக்கு டீச்சர்."

தலையை நிமிர்த்த அவருக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போனால் இன்னும் கேவலம் என்று உட்கார்ந்தேயிருந்தார்.

"தெரியும் பிரதர்" என்றார் டீச்சர். "அந்த ஹாரன் விஷயமும் தெரியும்."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யார் சொன்னாங்க?"

"நீங்கதான். ஆமென் சொல்லிட்டு, ரெக்கார்டை நிறுத்தாமலேயே ஃபோனைக் கீழ வச்சுட்டீங்க போலிருக்கு. அப்புறம் பார்க்காம அப்படியே அனுப்பிட்டீங்க. ரெண்டு நிமிஷ மெசேஜ் பதினோரு நிமிஷம் ஓடுது." டீச்சர் ஊசி இல்லாத கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல் ரெண்டு நிமிஷத்துல எனக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டித் தனியா அழுதீங்களே, கடைசியில 'நன்றி சொல்ல வாய் வரல ஆண்டவரே, ஆனா வேலைக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்'னு எழுந்தீங்களே, அப்பதான் நானும் எழுந்தேன்."