மணி அடித்த வாழைக்காய்

சைரன் அலறியது.

லாரி துறைமுக வாசலின் நடுவிலேயே நின்றுவிட்டது. டிரைவர் மிக்கேல் ஸ்டீயரிங்கை விட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினான், யாரோ துப்பாக்கி நீட்டியதுபோல.

பக்கத்து இருக்கையில் அவள். மடியில் சோற்றுத் தூக்கு.

பின்னால் குளிரூட்டிய கன்டெய்னர் நிறைய வாழைக்காய். ஏரல் பக்கம் அவள் தோட்டத்தில் விளைந்தது. கப்பல் ஏறப்போகிற அவளுடைய முதல் லோடு.

வாசலின் இரு பக்கமும் உயரமான தூண்கள். உள்ளே போகிற வண்டியில் கதிரியக்கம் இருந்தால் கண்டுபிடித்துவிடுமாம்.

கண்டுபிடித்துவிட்டது.

சற்று முன்னால்தான் சுயம்புலிங்கத்தின் லாரி உள்ளே போனது. அதிலும் வாழைக்காய்தான். தூண்கள் வாயே திறக்கவில்லை.

சுயம்புலிங்கம் அடுத்த தோட்டத்துக்காரர். அவளுக்குக் கொழுந்தன் முறை. பல வருஷமாகக் கப்பலுக்குக் காய் அனுப்புகிறவர். தென்னை மட்டை எரித்த சாம்பலை அவள் வாழைக்கு உரமாகக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டியபோது, வரப்பில் நின்று சிரித்தவர். பொட்டாஷ் உர மூட்டை இறக்கியபோது, "வாழைக்கு விருந்தா வைக்கிய?" என்று கேட்டவர்.

இப்போது லாரியைவிட்டு இறங்கி நின்றார்.

"மதினி, அட்டைப்பெட்டிக்குள்ள வெடிகுண்டா அடுக்கிக் கொண்டாந்திருக்கிய?"

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மிக்கேலுக்கும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

கன்டெய்னரைத் திறந்தால் குளிர் போய்விடும். குளிர் போனால் காய் வழியிலேயே பழுத்துவிடும். மத்தியானம் கப்பல் கிளம்பிவிடும்.

அவள் தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தொப்பி அணிந்த பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். கையில் ஒரு கருவி. கன்டெய்னரை ஒட்டியே மெதுவாக நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். திரையைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

தூக்கை இருக்கையில் வைத்துவிட்டு, தோட்டக்காரி இறங்கி அதிகாரியிடம் போனாள்.

"திறக்கணுமாம்மா?"

"வேண்டாம்மா. பயப்படாதீங்க. இது பொட்டாசியம்."

பொட்டாசியம். மூட்டையில் அச்சடித்திருந்த பெயர். தோளில் ஏற்றிச் சுமந்த பெயர்.

"அதுல மூணு வகை இருக்கும்மா. முப்பத்தொன்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு. ரெண்டு சும்மா இருக்கும். நாப்பது மட்டும் கொஞ்சம் கதிர் விடும். பத்தாயிரத்துல ஒண்ணுதான் அது. பூமி உண்டானதுலேருந்து இருக்கு, இன்னும் தீரலை. வாழைக்காயில இருக்கு, உங்க உடம்புல இருக்கு, என் உடம்புலயும் இருக்கு. ஒண்ணும் பண்ணாது."

"பிறகு எதுக்குக் கத்துச்சு?"

"உங்க காயில நிறைய இருக்கு. மொத்தமா ஒரு லோடு வரவும் மிஷின் புடிச்சிருச்சு."

அவள் முன்னால் நின்ற லாரியைப் பார்த்தாள்.

"அதுவும் வாழைக்காய்தானேம்மா?"

அதிகாரியும் அந்தப் பக்கம் பார்த்தாள். தோளைக் குலுக்கினாள்.

"அதுல சத்துக் கம்மியா இருந்திருக்கும்."

அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அதிகாரி அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

சைரன் ஓய்ந்திருந்தது. மிக்கேல் எஞ்சினை ஓடவிட்டான்.

சாம்பல் சுமந்து சுமந்து காப்புக் காய்த்த உள்ளங்கையை அவள் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.

சுயம்புலிங்கத்தின் பக்கத்தில் வந்ததும், "நிறுத்துப்பா" என்றாள்.

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "என்னவாம் மதினி?"

"ஒண்ணுமில்ல கொழுந்தனாரே. உரம் போட்டு வளத்த காய் வந்தா மட்டும்தான் மணி அடிப்பாவளாம்."