ஏரியின் ஓட்டு

ஊர்க் கூட்டத்தில் ஏரிக்கும் ஓர் ஓட்டு உண்டு. அந்த ஆண்டு ஏரிக்காகக் கைதூக்கும் பொறுப்பை ஏழுமலையிடம் கொடுத்திருந்தார்கள். ஏரியில் சேறு அள்ளியே முதுகு வளைந்தவர் அவர்.

ஏரித் தண்ணீரை உறிஞ்சும் கரையோரப் போர்வெல்களை மூடிவிடலாமா என்பதுதான் அன்றைய கேள்வி. ஓட்டுகள் சமமாக விழுந்தன. இனி ஏரி சொல்வதுதான் முடிவு. போர்வெல்லை நம்பி ஓடும் தன் கார் வாஷ் கடை ஏழுமலையின் கண்முன் வந்து நின்றது.

"மூட வேணாம்னு ஏரி சொல்லுது," என்றார்.

ஒருவரும் சந்தேகப்படவில்லை. மூடியே ஆகவேண்டும் என்று வாதாடிய நசீமாகூட, "ஏரி மனசு உங்களவிட யாருக்குண்ணா தெரியும்? வாங்க, முடிவை அதுகிட்ட சொல்லிட்டு வந்துடலாம்," என்றாள். எந்த முடிவையும் ஏரியிடம் வாய்விட்டுச் சொல்வது அங்கே வழக்கம்.

எல்லோரும் கரையில் நின்றுகொண்டார்கள். ஏழுமலை மட்டும் காய்ந்து வெடித்த மண்ணில் தண்ணீரைத் தேடி வெகுதூரம் நடந்தார். நடுவில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் கிடந்தது. அதில் நின்று வாயைத் திறந்தார். சொல்லாமலே மூடிக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களாண்ணா?" என்று கரையிலிருந்து நசீமா கூவிக் கேட்டாள்.

ஏழுமலை திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவார்?