ரோட்டுக்கு இந்தப்புறம்

பந்தல்குடி தாண்டி, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், தூத்துக்குடி ரோட்டோரம் புள்ளிமான் கூட்டம் ஒன்று தயங்கி நிற்கிறது. பின்னால், அவை மேய்ந்து மிதித்த கம்புப் புஞ்சை. எதிரே, ரோட்டைத் தாண்டினால், பகலில் ஒண்டிக்கொள்ள உடைமரக் காடு. வரப்பில் குந்தியிருக்கும் ஜெகதீஸ்வரி மூச்சை அடக்கிக்கொள்கிறாள். நிலவமைப்புச் சூழலியல் படிக்கும் ஆய்வு மாணவி அவள். காட்டையும் புஞ்சையையும் ரோடு வெட்டும் இடங்களில் உயிர்கள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. செயற்கைக்கோள் படத்தில் இந்த இடம் இரண்டு பச்சைத் திட்டுகளும் நடுவே ஒரு கறுப்புக் கோடுமாகத் தெரியும். அந்தக் கோட்டில் இப்போது ஒரு லாரி இரைந்து வருகிறது. பக்கத்தில் புஞ்சைக்காரர் மொக்கையன், ஒரு கையில் வெடியோடு, தீக்குச்சியை உரசிவிட்டார்.

“அண்ணே, இப்ப வேணாம்ணே. மிரண்டு லாரிக்குள்ள பாஞ்சிரும்.”

“கருது பூராத்தையும் கடிச்சுப் போட்டுருக்கு தாயி. எனக்கு வவுறு எரியுதுல்ல?”

திரிக்கு அருகில் சுடர் நடுங்குகிறது. குட்டிமான் ஒன்று தாரில் முன்காலை வைக்கிறது, எடுக்கிறது. லாரி வெளிச்சத்தில் அதன் கண்கள் பச்சையாக மின்னுகின்றன. மொக்கையன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சுடர் விரலைச் சுட்டதும் குச்சியை உதறுகிறார். லாரி புழுதி கிளப்பிக் கடந்து போகிறது. பெரிய மான் ஒன்று தாவுகிறது. மற்றவை பின்னாலேயே தாவி, கடைசியில் குட்டியும், உடைமரங்களுக்குள் மறைகின்றன.

ஜெகதீஸ்வரி வரப்பிலிருந்து எழுகிறாள். மொக்கையன் வெடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒடிந்து கிடக்கும் தட்டைகளைப் பார்க்கிறார்.

“பொழுதடையத் திரும்ப இங்கனதான வரும்?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“வரும்ணே.”