அறுபதுக்கு இந்தப் பக்கம்

தடுப்பூசி மையத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வேலப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. துறைமுகத்தில் முப்பது டன் கன்டெய்னரைக் கிரேனில் தூக்கி, அலுங்காமல் இறக்கி வைக்கிற ஆள்.

“இன்னாய்யா, எறும்பு கடிக்கிற மாதிரி ஒரு ஊசி. அதுக்குப் போயி இப்டி நடுங்கினுகீற?” என்றாள் மனைவி பூவம்மா.

“ஊசின்னா எனக்குப் பயம்தாம்மே.”

பொய். சுவரில் வயதைப் பற்றி ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்ததிலிருந்துதான் இந்த வியர்வை. ஆனால் கோழை என்ற பட்டம் இப்போதைக்கு அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

நைரோபியில் இருக்கும் மகள் எழில்மொழிக்கு அடுத்த மாதம் பிரசவம். அங்கே போய்வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும்.

டாக்டர் இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினார். “உங்களுக்கு அம்பத்தெட்டு, அம்மாவுக்கு அம்பத்தாறு. அறுபதுக்கு இந்தப் பக்கம், பிரச்சினையில்ல. தாண்டினவங்களுக்குத்தான் யோசிப்போம். அபூர்வமா சிலருக்கு ஊசியே உடம்பைக் கெடுத்துடும்.”

“தாண்டினவங்க இன்னா சார் பண்றது?” பூவம்மா கேட்டாள்.

வேலப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டுபிடித்துவிட்டாளோ?

“உடம்பைப் பரிசோதிச்சு, நல்லது கெட்டது பேசி முடிவு பண்ணுவோம். போடாம போனா, திரும்பி வர்றப்ப ஆறு நாள் தனியா வெச்சிடுவாங்க. அது பரவாயில்லன்னு சிலர் போறாங்க.”

நர்ஸ் ஊசியோடு வந்தாள். வேலப்பன் சட்டைக் கையை மேலே மடித்தார்; மறுபடி இறக்கினார். பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் போய்ச் சேருவதைவிடப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிவிடலாம்.

“சார், எனக்கு அறுபத்தொண்ணு. எட்டு வயசுலதான் ஸ்கூலுக்குப் போனேன். குள்ளமா இருந்தேன்னு ஹெட்மாஸ்டர் அஞ்சுன்னு எழுதிட்டாரு. நானும் அதையே புடிச்சிகினேன்.”

டாக்டர் நர்ஸைக் கையமர்த்தினார். வேலப்பன் மனைவி பக்கம் திரும்பினார்.

“பொண்ணு பாக்க வந்தப்பவும் அதையேதாம்மே சொன்னேன். உன்னவுட அஞ்சு வயசு மூத்தவன்னு தெரிஞ்சா வேணான்னுடுவியோன்னு பயம். முப்பது வருசமா மீசைக்கு மை பூசிகினு வாலிபன் வேஷம் போட்டுகினுகீறேன், கேவலம்.”

பூவம்மா திட்டவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு அறுபத்திமூணு சார்.”