கதவில்லாத சுவரில் ஒரு கல்

அந்த கிரேக்கத் தீவில் மண்ணைவிடக் கல்தான் அதிகம். பந்தெலிஸ் என்ற விவசாயியின் வயலைச் சுற்றிலும் காரை பூசாத கற்சுவர். அதற்குக் கதவு கிடையாது. தினமும் காலையில் ஓரிடத்தில் கற்களை எடுத்து இறக்கி, கழுதையை உள்ளே விட்டு, ஆடுகள் நுழையாதபடி மறுபடி அடுக்குவார். மாலையிலும் அதே வேலை.

அந்த இடத்தின் உச்சியில் இருந்த கல் ஓயாமல் புலம்பியது. "நேத்து கடலைப் பார்த்து வெச்சார், இன்னைக்கு முட்செடியைப் பார்த்து. ஒரு நாளாவது நிம்மதியா இருக்க விடுறாரா இந்த மனுஷன்?"

அடியில் ஒரு கல் பேசாமல் கிடந்தது. கழுதை தாண்டிவிடும் உயரம் என்பதால் அதை யாரும் தொடுவதில்லை.

"கழுதையண்ணே, அடியில கிடக்கிறானே, அவனை ஒரு உதை விடு. அந்த இடம் எனக்கு வேணும்," என்றது உச்சிக்கல்.

கழுதைக்கு என்ன போச்சு? மறுநாள் காலையில் தாண்டும்போது உதைத்தது. அடிக்கல் உருண்டது. பந்தெலிஸ் திட்டிக்கொண்டே கைக்கு அகப்பட்ட உச்சிக்கல்லை அடியில் வைத்து இறுக்கினார். உருண்டதை உச்சியில் வைத்தார்.

மாலையில் கற்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பந்தெலிஸின் கை அடிவரை வந்து, திரும்பிப் போனது.

"ஐயா, நான் ஒருத்தன் இங்க இருக்கேன்!" என்று கத்தியது அடிக்கு வந்த கல்.

கழுதை அதைத் தாண்டிப் போனது. கற்கள் மறுபடி ஏறின. உச்சியில் புதுக்குரல் கேட்டது: "அடேயப்பா!"

"என்னடா? என்ன தெரியுது?" என்று அடியிலிருந்து பதறியது கல். "கடலா, முட்செடியா? எதுவானாலும் சொல்லுடா!"